அண்ணன் மண்டபத்துச் செம்புக் காகிதம்

1

ஊரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், சுவருக்குக் காகிதம் ஒட்டுகிறேன் என்று சொல்வேன். "அதுக்கா லே ஜெர்மனி வரைக்கும் போன?" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் ஒட்டுவது பூப்போட்ட காகிதம் இல்லை. அதில் செம்பு மையால் சின்னச் சின்ன வளையங்களும் கூட்டல் குறிகளும் நெருக்கமாக அச்சடித்திருக்கும். நாலு சுவர், கூரை, சன்னல் கண்ணாடி என்று இடைவெளி விடாமல் ஒட்டிவிட்டால், அந்த அறைக்குள் செல்போன் செத்துப்போகும்.

இதைக் கடலுக்குப் போகிற குளச்சல்காரர்களிடம் சொன்னால் சட்டென்று புரிந்துகொள்வார்கள். கடலில் வலை விரித்தால், வலைக்கண்ணின் அளவுக்கு ஒத்த மீன்தான் செவுள் மாட்டி நிற்கும். மற்றது தப்பிப் போய்விடும். இந்த வளையங்களும் அப்படித்தான். வளையத்தின் அளவுக்கு ஒத்த அலையை மட்டும் நிறுத்தும். போலீஸ்காரர்களின் வயர்லெஸ், தீயணைப்பு வண்டியின் வயர்லெஸ், ரேடியோப் பாட்டு எல்லாம் தாராளமாக உள்ளே வரும். போன் மட்டும் வராது. ஜாமர் என்று ஒரு கருவி இருக்கிறது, கேள்விப்பட்டிருப்பீர்கள். அலையை எதிர்த்து அலை வீசுகிற சாதனம். அதைக் கண்டவர்கள் கண்ட இடத்தில் வைக்கக் கூடாது, வைத்தால் தண்டனை. எங்கள் காகிதம் எதையும் வீசாது. சுவரோடு சுவராகச் சும்மா நிற்கும். சும்மா நிற்கிற சுவரை யார் என்ன கேட்பது?

நாடக அரங்கம், நீதிமன்றம், பாட்டுக் கச்சேரி நடக்கும் கூடம் என்று இந்த நாட்டில் பல இடங்களில் ஒட்டியிருக்கிறேன். முடித்ததும் சுவருக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். அந்தப் பழக்கம் எனக்குப் பிறகு உதவியது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வேலைப் பெருமை பேச இல்லை. இன்று அம்மாவின் திவசம். ஊரில் இலை போட்டு, சாப்பிட்டு, இந்நேரம் எல்லோரும் வெற்றிலை போட்டு முடித்திருப்பார்கள். காலையில் அந்த வீட்டிலிருந்து எனக்கு ஒரு போன் வந்தது. அது வந்ததிலிருந்து வேறு எதிலும் மனம் ஓடவில்லை. அண்ணனை நான் பழிவாங்கிய கதையை எழுதினால்தான் ஓடும் போலிருக்கிறது. பழிவாங்கினேன் என்று சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

2

எங்கள் வீடு அஞ்சுகிராமம் போகிற சாலையில் இருக்கிறது. நாங்கள் இரண்டு பேர். மூத்தவன் பொன்னுலிங்கம், இளையவன் நான். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். தகப்பனுக்குக் கொள்ளி வைப்பது மூத்த மகன், தாய்க்கு வைப்பது கடைசி மகன். அப்பாவுக்கு அண்ணன் வைத்தான். அம்மாவுக்கு நான் வைக்க வேண்டும்.

கடைசி மகன் வெளிநாட்டில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதற்கும் ஊரில் ஒரு முறை வந்துவிட்டது. பிணத்தின் முகத்துக்கு நேரே போனைப் பிடிப்பார்கள். மகன் கடைசியாகப் பார்ப்பான். அவனுக்குப் பதிலாக நிற்கிறவன் கொள்ளியைக் கையில் வாங்கிக்கொண்டு, போனைப் பார்த்து, "வைக்கட்டா மக்கா?" என்று கேட்பான். "வையுங்க" என்று இவன் சொன்ன பிறகுதான் வைப்பான். எந்தப் புரோகிதரும் சொல்லித்தரவில்லை. லீவு கிடைக்காதவர்களும் விசா கிடைக்காதவர்களும் உண்டாக்கிக்கொண்ட சடங்கு. ஆனாலும் அதை யாரும் மீறி நான் கேட்டதில்லை.

அம்மா போன சமயத்தில் என் குடியிருப்பு அட்டை காலாவதியாகி, புதிதுக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். அட்டை இல்லாமல் கிளம்பிப் போகலாம், திரும்பி உள்ளே நுழைவது சந்தேகம். மனைவியும் மகளும் இங்கே. ஏதாவது அவசரக் காகிதம் தருவார்களா என்று அந்த அலுவலகம் திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றேன். உள்ளே கூப்பிட்டதும் எனக்கு ஜெர்மன் வாயில் வரவில்லை. அம்மா இறந்துவிட்டாள் என்பதற்குப் பதில் இறந்துகொண்டிருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் நல்லவள்தான். "சீக்கிரம் குணமாகட்டும்" என்று சொல்லி, அடுத்த வாரம் வரும்படி நேரம் குறித்துத் தந்தாள். நான் திருத்தவில்லை. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, படியில் உட்கார்ந்து அண்ணனுக்கு வீடியோவில் போன் போட்டேன்.

அடித்தது. எடுக்கவில்லை. திரும்பவும் போட்டேன். டிராமில் நின்றுகொண்டு போட்டேன். வீட்டுச் சமையலறையில் அடுப்பைப் பார்த்தபடி போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. என் மனைவி சொர்ணம் தன் போனிலிருந்து மதினிக்குப் போட்டாள், அது அணைத்து வைத்திருந்தது. இங்கே மதியம் கழிந்த பிறகு அண்ணனே கூப்பிட்டான்.

"எல்லாம் முடிஞ்சு மக்கா. நல்லபடியா அடக்கியாச்சு. ஒனக்குக் காட்டணும்னுதான் நெனச்சேன், இஞ்ச சிக்னலே இல்ல, கேட்டியா."

"கொள்ளி யாரு வச்சா?"

"நான்தான் வச்சேன். பின்ன யாரு வைக்க?"

யாரிடம் சொல்கிறான் பாருங்கள். நான் இந்த அலைகளோடு பிழைக்கிறவன். சிக்னல் இல்லாத போனுக்கு மணி அடிக்காது, ரிங்கிங் என்ற எழுத்தே வராது. அதோடு எங்கள் வீட்டுப் பொறத்தால, தென்னந்தோப்புக்கு நடுவில், செல்போன் டவர் எப்போதிருந்தோ நிற்கிறது. கொல்லைப்புறம் போனால் தலைக்கு மேலே தெரியும். பொய் சொல்வதற்குக்கூட அவன் எனக்காகக் கொஞ்சம் மெனக்கெடவில்லை.

அதைவிட மோசமானது பிறகு தெரிந்தது. என் கூட்டுக்காரன் சுடலைமணி, பழைய சிநேகிதன், ஊரில் எலக்ட்ரீசியன், அன்று அடக்கத்துக்கு நேரே சுடுகாட்டுக்குப் போயிருந்தான். சின்னவன் என்ன சொன்னான் என்று அங்கே யாரோ கேட்டிருக்கிறார்கள். அண்ணன் எல்லோர் முன்னாலும், "அவன் ஒரு தடவை கூப்பிடக்கூட இல்ல. அங்க பெரிய ஆளாயிட்டாம்லா" என்றானாம்.

அம்மாவைக் கடைசிவரை பார்த்தவன் அவன்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும், மடியில் சாய்த்துக் கஞ்சி கொடுத்ததும் அவன்தான். அதற்காக என்னை வாழ்நாள் முழுக்கக் காலில் விழச் சொன்னால் விழுந்திருப்பேன். கொள்ளியைக்கூட விட்டுக் கொடுத்திருப்பேன், கேட்டிருந்தால். அம்மாவின் முகத்தை என்னிடமிருந்து மறைத்தான். பிறகு, பெற்றவள் செத்ததற்குப் போன்கூடப் போடாதவன் என்று என் பெயரை அந்தச் சுடுகாட்டிலேயே சேர்த்து எரித்தான். அதை நான் விடுவதாக இல்லை.

3

இங்கே என் நாட்கள் வெளியிலிருந்து பார்த்தால் ஒழுங்காகத்தான் போகும். காலையில் வேன், ஏணி, பசை வாளி. மாலையில் மூன்று வகையாகப் பிரிக்க வேண்டிய குப்பை. சொர்ணம் முதியோர் இல்லத்தில் நர்ஸ்.

மகள் நிலாவுக்குப் பதினைந்து வயது. என்னிடம் ஜெர்மனில் பேசுவாள், நான் தமிழில் பதில் சொல்வேன், நடுவில் சொர்ணம் நின்று இரண்டு பக்கமும் சூட்டைக் குறைத்து எடுத்துச் சொல்வாள். நிலாவுக்கு நன்றாக வருகிற தமிழ் வசவுத் தமிழ்தான். அவள் காதில் அதிகம் விழுந்தது நான் சுடலைமணியிடம் போனில் அண்ணனைத் திட்டிய தமிழ். பள்ளியில் சைக்கிளை இடித்த பையனிடம் சிரித்த முகத்தோடு "நாசமாப் போவ" என்று சொன்னாளாம். அவன் நன்றி சொன்னானாம்.

ஒருநாள் அவள் தன் அறைக்கும் அந்தக் காகிதத்தை ஒட்டித்தர முடியுமா என்று கேட்டாள். மகள் முதன்முதலாக என் வேலையை மதிக்கிறாள் என்று எனக்குச் சந்தோஷம். எதற்கு என்றேன். நீங்கள் போன் போட்டால் அடிக்காமல் இருக்கும் இல்லையா என்றாள். சொர்ணம் அதை மொழிபெயர்க்கவில்லை. எனக்கே புரிந்துவிட்டது.

4

அம்மா போய் ஒரு வருஷத்துக்குப் பிறகு அண்ணன் கூப்பிட்டான். அவனுக்குச் சாலையோரத்தில் ஒரு கல்யாண மண்டபம் உண்டு. டவர் நிற்கிற தோப்புக்கு அந்தப் பக்கம். அதை இடித்து நீட்டி ஏசி மண்டபமாக்குகிறான். மகன் கல்யாணத்தையே அதில் முதல் கல்யாணமாக நடத்தப் போகிறான்.

"லே, நீ ஒரு படம் போட்டிருந்தியே, செம்புக் கலர்ல கோலம் மாதிரி ஒரு செவரு. அது நம்ம மண்டபத்துக்குக் கிட்டுமா? ஜெர்மன் செவருன்னு போர்டு வைக்கலாம்லா."

அது ஒரு கச்சேரிக் கூடத்துக்காகச் செய்தது. வழக்கமாக எங்கள் காகிதத்துக்கு மேல் வேறு காகிதம் ஒட்டி மறைத்துவிடுவோம். அந்தக் கூடத்துக்காரர்கள் செம்பு வெளியே தெரியட்டும் என்றார்கள். மிச்ச உருளைகள் கிடங்கில் தூசி படிந்து கிடந்தன, எடுத்துக்கொள் என்று முதலாளி ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

இந்த இடத்தில் ஒன்றை நீங்கள் நம்ப வேண்டும். நான் அவனை ஏமாற்றவில்லை. வெட்டவெளிச்சமாகச் சொன்னேன்.

"அண்ணே, அத ஒட்டினா உள்ள போனு வேலை செய்யாது."

அவன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "காயிதத்துக்குப் பயந்து போனு நிக்குமாக்கும்? டவரு மண்டபத்து மேலயில்லா லே நிக்குது! நீ அனுப்பு."

இதுதான் எங்கள் ஆட்களின் குணம். வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால் சென்ட் பாட்டிலையும் சாக்லேட் டப்பாவையும் காலியான பிறகும் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைப்பார்கள். அது எதற்கு என்று மட்டும் கேட்கமாட்டார்கள். கேட்டுச் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். நான் சொல்லிவிட்டேன். அதற்கு மேல் அது அவன் பாடு என்று உருளைகளைக் கப்பலில் ஏற்றினேன். சன்னலுக்கு ஒட்டும் படலத்தையும், கதவு இடுக்குக்கு வைக்கும் செம்புப் பட்டையையும், கேட்காமலே சேர்த்து அனுப்பினேன்.

5

ஒட்டுகிற வேலையைச் சுடலைமணியிடம் கொடுக்கச் சொன்னேன். நான் இங்கிருந்து வீடியோவில் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்வேன். ஒரு சுவருக்கும் அடுத்த சுவருக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் அலை புகுந்துவிடும். அதனால் ஓரங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒட்ட வைத்தேன். கூரைத் தகரத்தோடு சுவரைச் சேர்க்க வைத்தேன். வடசேரியில் பித்தளைத் தகடு வாங்கிக் கதவு முழுக்க அடிக்கலாமா என்று அண்ணனே கேட்டான். அடி அண்ணே, ரொம்ப எடுப்பாக இருக்கும் என்றேன்.

சுடலைமணிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "மக்கா, இவ்வளவு இறுக்கி ஒட்டச் சொல்லுகியே, காத்துகூட நுழையாது போலிருக்கே?"

"காத்து நுழையும். நீ ஒட்டு."

கடைசி நாள் அண்ணனே போனைக் கையில் பிடித்துக்கொண்டு, புது மாப்பிள்ளை வீடு காட்டுவது மாதிரி மண்டபத்தைச் சுற்றிக் காட்டினான். செம்பு மினுங்கியது. அழகாகத்தான் இருந்தது. சன்னல் எல்லாம் முடிந்து, பெரிய கதவு ஒன்றுதான் பாக்கி.

"கதவைச் சாத்திக் காட்டு அண்ணே" என்றேன்.

"இந்தா பாரு லே, பித்தளை எப்பிடி ஜொலிக்..."

படம் நின்றது. வாய் திறந்தபடி அண்ணன் முகம் கொஞ்ச நேரம் திரையில் உறைந்திருந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. எத்தனையோ கட்டடங்களில் இந்த வேலையை முடித்திருக்கிறேன், கருவி வைத்து அளந்து கையெழுத்து வாங்கியிருக்கிறேன். இவ்வளவு சுத்தமாக முடிந்தது என்று எந்தக் கருவியும் எனக்குக் காட்டியதில்லை.

சற்று நேரம் கழித்து முற்றத்திலிருந்து கூப்பிட்டான். "என்ன லே, ஒங்க ஊர்ல நெட்டு இவ்வளவு மோசமா?"

"ஆமா அண்ணே, இங்க மழை" என்றேன்.

6

கல்யாணத்தன்று நான் விடுப்பு எடுத்துக்கொண்டேன். சொர்ணத்திடம் அடைப் பிரதமன் பாயசம் வைக்கச் சொன்னேன். எதற்கு என்றாள். அண்ணன் மகனுக்குக் கல்யாணம் இல்லையா என்றேன். அவளுக்குப் பாதி தெரியும், மீதியைக் கேட்கவில்லை.

நடந்ததைச் சுடலைமணி பிறகு விவரமாகச் சொன்னான். பெண்ணின் அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறான், லீவு கிடைக்கவில்லை. தங்கைக்குத் தாலி கட்டுவதை அங்கிருந்து பார்க்க எல்லா ஏற்பாடும் செய்திருந்தார்களாம். படம் எடுக்கிறவன் கேமராவை இணைத்தான், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்ததாம். பெண்ணின் அம்மா போனைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். அங்கே மகன் முகம் தெரிந்தது. உள்ளே வந்தாள், போய்விட்டது. மறுபடி வெளியே, மறுபடி உள்ளே. கெட்டிமேளம் கொட்டியபோது அவள் கதவுக்கு வெளியே நின்றாளாம். மஸ்கட்டில் இருந்தவன் பார்த்தது தென்னை மரத்தையும் வாசலில் குவிந்து கிடந்த செருப்பையும்தான்.

"எம்பிள்ள பாக்கப்பிடாதுன்னு நெனச்சிட்டேளா சம்மந்தி?" என்று அவள் சபையில் கேட்டிருக்கிறாள்.

"சத்தியமா சிக்னல் இல்லம்மா" என்றானாம் அண்ணன்.

"டவர மடியில வச்சிட்டு சிக்னல் இல்லைன்னு சொல்லுகது யாருக்கிட்ட?"

சுடலைமணியை அந்த இடத்தை மட்டும் திரும்பச் சொல்ல வைத்தேன். அண்ணன் பிறந்ததிலிருந்து சொன்ன உண்மைகளில் அதுபோல இன்னொரு உண்மை கிடையாது. ஒரு ஆள் நம்பவில்லை. பந்தியில் பாதி பேர் கை நனைக்காமல் எழுந்து போனார்கள். அந்த மஸ்கட்காரனை நினைத்தபோது மட்டும் பிரதமன் எனக்குத் தொண்டையில் கொஞ்சம் நின்றது. பிறகு இறங்கிவிட்டது.

அதன் பிறகு டவர்க்காரர்களிடம் புகார் போனது. ஆள் வந்து பார்த்து முற்றத்தில் சிக்னல் கோடு நிறைய இருக்கிறதே என்று காட்டிவிட்டுப் போனார். மண்டபத்தில் ஜாமர் வைத்திருக்கிறான் என்று யாரோ எழுதிப் போட, ஏட்டு ஒருவர் வந்து மேடைக்கு அடியில் எல்லாம் குனிந்து தேடினார். அவருடைய வயர்லெஸ் மட்டும் உள்ளே கணீரென்று பேசியதாம். போனை மட்டும் நிறுத்துவது நான் சொன்ன காகிதம்தான் என்று அதில்தான் அண்ணனுக்கு விளங்கியது. வந்த முகூர்த்தங்கள் எல்லாம் நாகர்கோவில் மண்டபங்களுக்குப் போயின.

"நீதான லே செஞ்ச?" என்றான் போனில்.

"நான்தான். சொல்லிட்டுத்தான் செஞ்சேன்."

"உரிச்சா செவரே பேந்து வருது. எப்பிடி எடுக்கது, சொல்லு."

டவர் பக்கத்துச் சுவர் ஒன்றை மட்டும் உரித்தாலே போதும். பசையை எப்படி இளக்குவது என்று எனக்குத் தெரியும். சொல்கிறேன், ஆனால் அம்மா திவசத்தன்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடியிருக்கும்போது, அன்றைக்கு நான் கூப்பிட்டேன் என்று உன் வாயால் சொல் என்றேன்.  அவன் போனை வைத்துவிட்டான்.

7

இன்று காலை வீடியோவில் வந்தான். வீட்டுக் கூடம். எங்கள் ஆட்கள் எல்லோரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவின் தங்கை செல்லம்மை அத்தை முன்னால் காலை நீட்டி இருந்தாள். அண்ணன் தலை நரைத்துப் போயிருந்தான். போனை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அம்மா செத்தன்னைக்கு இவன் கூப்பிட்டான். நான்தான் எடுக்கல்ல. கூப்பிடல்லன்னு ஒங்ககிட்ட சொன்னது பொய்யி."

நான் அவர்கள் முகங்களைப் பார்த்தேன். யாராவது ஐயோ என்பார்கள், யாராவது அண்ணனைத் திட்டுவார்கள், என் பெயரைச் சொல்லி யாராவது கண்ணைத் துடைப்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருவர் முகமும் மாறவில்லை.

செல்லம்மை அத்தைதான் பேசினாள். "அது தெரியாதா மக்கா? போனு கெடந்து அடிச்சிட்டுல்லா இருந்து. இவன் சட்டைப் பையில இருந்து எடுத்து அரிசிப் பானைக்குள்ள போட்டான். அதுக்குள்ளயும் கெடந்து அடிச்சு. நாங்க அம்மைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமா இருந்து கேட்டுட்டுத்தான் இருந்தோம்."

"நீங்க எல்லாருமா?"

"பின்ன? சின்ன வீடுதான. எல்லாருக்கும்தான் கேட்டு."

"ஏன் அத்த யாரும் எடுக்கல்ல?"

"சாவு வீட்டுல எதுக்கு ஒரு வழக்குன்னு விட்டோம். மூத்தவன எதுத்துட்டு நாளைக்கு இவன் மொகத்துல முழிக்கண்டாமா?" அவளுக்குப் பின்னால் இரண்டு மூன்று தலைகள் ஆமாம் என்று ஆடின. "அது கெடக்கட்டும் மக்கா. தையில எம்பேத்திக்குக் கல்யாணம், அண்ணன் மண்டபத்துலதான் சொல்லியிருக்கு. ஒம் மச்சான் பஹ்ரைன்ல இருந்து மகளுக்குத் தாலி ஏறுகத பாக்கணும்லா. அந்தச் செவர ஒண்ணு செரியாக்கிக் குடு, நீ நல்லா இருப்ப."

பார்க்கிறேன் அத்தை என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்தேன். பசையை இளக்கும் முறையை நேற்றே தமிழில் வரிவரியாகத் தட்டி, அண்ணனுக்கு அனுப்பத் தயாராக வைத்திருந்தேன். அதைத் திறந்து ஒவ்வொரு வரியாக அழித்தேன். ஒருவன் பொய் சொல்லி என் பெயரைக் கெடுத்தான் என்றுதான் இத்தனை நாளும் எரிந்தேன். அவனாவது பானைக்குள் போட்டு மூடினான். மற்றவர்கள் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அண்ணனுக்கு ஒரே வரி அனுப்பினேன். நீ சொன்னது போதும், நம் ஆட்கள் யார் மண்டபம் கேட்டாலும் இல்லை என்று சொல்லாதே, அந்தச் சுவரில் மட்டும் கை வைக்காதே என்று. அன்று அந்த வீட்டில் நான் போட்ட போன் யார் யார் காதில் விழுந்ததோ, அவர்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றுவிடாமல் அந்த மண்டபத்தில் நடக்கட்டும்.